கித்துல்கலவில் எடுத்த ஸ்கூட்டர்

வியாழன், பிற்பகல் 2.10. கொழும்பிலிருந்து வந்த பஸ் என்னை அவிசாவளையில் இறக்கிவிட்டுப் போனது. தெஹியோவிட்டவுக்கு அங்கிருந்து வேறு பஸ் பிடிக்க வேண்டும். பத்து கிலோமீட்டர், டிக்கெட் பதினெட்டு ரூபாய். 2007, ஆகஸ்ட் மாதம். "சண்டையெல்லாம் வடக்கேயும் கிழக்கேயும்தான், நீ போகிற பக்கம் ரப்பர் மரமும் மழையும்தான்" என்று கொழும்பு நண்பர் தைரியம் சொல்லி அனுப்பியிருந்தார். மழையைப் பற்றி அவர் சொன்னது சரி.

நான் திண்டுக்கல்லில் வங்கி குமாஸ்தா. விடுமுறை கிடைத்தால் ஊர் சுற்றி, அதை ஒரு சிறிய மாத இதழில் எழுதுவேன். இந்த முறை ஆசிரியர் கேட்டது எட்டுப் பக்க வழிகாட்டி: வெளிநாட்டில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பது எப்படி, பத்திரமாக ஓட்டுவது எப்படி. ஆளைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறார். பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் ஹெல்மெட் வாரை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவன் நான். என் மனைவி என்னை 'சேஃப்டி பின்' என்றுதான் கூப்பிடுவாள். அந்த வழிகாட்டியை நான் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதியது இதுதான்.

தெஹியோவிட்ட பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்தவர், நான் கண்டக்டரிடம் தமிழில் தடுமாறுவதைக் கேட்டுவிட்டு, சிங்களத்தில் இரண்டே வார்த்தை பேசி எனக்குச் சில்லறை வாங்கிக் கொடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இந்தியாவுங்களா சார்?"

பெயர் கணேசன், வயது முப்பத்திரண்டு. தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து, அதாவது ஷூ, வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார். எந்த ஊர், என்ன வேலை என்று நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, சட்டைப்பையின் பொத்தானைக் கழற்றித் தன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். நான் கேட்கவேயில்லை. குழந்தைப் படத்தைக் காட்டுகிற மாதிரி காட்டினார்.

"ஐடென்டி வந்து எட்டு மாசம்தான் ஆகுதுங்க. நம்ம பொறப்பையே பதியாம விட்டுட்டாங்க. மூணு வருசம் நடந்தேன், அந்த ஆபிஸ் இந்த ஆபிஸ்னு. இது வர்றதுக்கு முந்தி பொலிஸக் கண்டா வாழ மரத்துக்குப் பின்னால போயி நிப்பேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அட்டையில் இருந்த படத்தில் அவர் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்.

தெஹியோவிட்ட பஜாரில் ஒரு பலசரக்குக் கடையின் மாடியில் எனக்கு அறை. கடைக்காரரை ஊரே முதலாளி என்று கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிட்டேன். ஸ்கூட்டர் எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று கேட்டேன். கித்துல்கலவில்தான் என்றார். ஆற்றில் ரப்பர் படகு விட வருகிற வெள்ளைக்காரர்களுக்காக அங்கே இரண்டொருவர் வைத்திருக்கிறார்களாம். என்னோடு கடைவரை வந்திருந்த கணேசன் தானும் வருவதாகச் சொன்னார். பேச்சு ஒத்தாசைக்கு ஆள் கிடைத்ததே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

வெள்ளி, காலை 7.15. விடியும் முன்பே பிடித்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. கணேசன் துவைத்த சட்டையில் கடைவாசலில் நின்றார்.

"பெரட்டுக்குப் போயிட்டுத்தான் வர்றேன் சார். மரம் நனைஞ்சிருச்சு, இன்னைக்கு வெட்டு இல்லைன்னு அனுப்பிட்டாங்க. நமக்கு வசதியாப் போச்சு."

பெரட்டு என்பது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடம். ஈர மரத்தில் பால் வெட்டினால் பால் கோப்பைக்குள் விழாமல் பட்டையோடு வழிந்து வீணாகிவிடுமாம். மழை பெய்யாமல் இருந்திருந்தால் அவர் மரத்தடியில் இருந்திருப்பார் என்ற நினைப்பு எனக்குப் பின்னால் எத்தனையோ முறை வந்தது. அன்று காலையில் வரவில்லை.

கரவனெல்ல, எட்டியாந்தோட்டை வழியாகக் கித்துல்கலவுக்கு ஒரு மணி பத்து நிமிடம். வழியெல்லாம் ஒரு பக்கம் களனி ஆறு, மறு பக்கம் மலை. ஸ்கூட்டர்காரர் பெயர் சுனில். ஆற்றைப் பார்த்த வீடு, முன்னால் தகரக் கொட்டகை, அதில் மூன்று ஸ்கூட்டர்கள். ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் ரூபாய், பெட்ரோல் நம் பொறுப்பு.

என் நோட்டுப் புத்தகத்தை வெளியே எடுத்தேன். முன் பிரேக், பின் பிரேக், டயர், ஹாரன், இண்டிகேட்டர், இரண்டு கண்ணாடிகள், காப்பீட்டுத் தாள் என்று வரிசையாகச் சரிபார்த்தேன். பழைய கீறல்களையெல்லாம் படம் எடுத்துக்கொண்டேன், பின்னால் என் தலையில் கட்டிவிடக் கூடாதல்லவா? முதல் ஸ்கூட்டரில் பின் டயர் வழுக்கை, வேண்டாம் என்றேன். இரண்டாவதில் பிரேக் விளக்கு எரியவில்லை. மூன்றாவது தேறியது. ஹெல்மெட்டுகளையும் நான்கு மாற்றிப் போட்டுப் பார்த்து இரண்டு பொறுக்கினேன். கணேசன் பொறுமையாக எல்லாவற்றையும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பார்க்க வந்தவன் போல நான் நடந்துகொள்கிறேன் என்று சுனில் சொன்னதையும் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்.

கடைசியில் சுனில் கை நீட்டினார். பாஸ்போர்ட்.

என் நோட்டில் முதல் விதியே அதுதான், சிவப்பு மையில்: பாஸ்போர்ட்டை யாரிடமும் பிணையாகக் கொடுக்காதே. நகல் தருகிறேன் என்றேன். பத்தாயிரம் ரூபாய் முன்பணம் தருகிறேன் என்றேன். நகலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, ஸ்கூட்டர் அவ்வளவுதானா விலை என்று சுனில் கேட்டார். அதுவும் நியாயம்தான். கால் மணி நேரம் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்போது கணேசன் சட்டைப்பைப் பொத்தானைக் கழற்றினார்.

"நம்ம கார்ட வச்சுக்கட்டும் சார். தோட்டத்துல படம் போட டெக் வாடகைக்கு எடுக்கிறப்ப ஐடென்டியத்தான் வைப்போம். அந்திக்கு வண்டியக் குடுத்துட்டு வாங்கிக்கிட்டாப் போச்சு."

"உங்களுக்கு எதற்கு சிரமம்" என்று நான் ஒரு தரம் சொன்னேன். பேச்சுக்குத்தான் சொன்னேன். சுனில் அட்டையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டினார். அதுவரை யாரும் தன் அட்டையை நம்பி எதையும் கொடுத்ததில்லை என்பது கணேசனின் முகத்திலேயே தெரிந்தது, அவ்வளவு சந்தோஷம். நான் நோட்டில் எழுதினேன்: 'உள்ளூர் நபர் ஒருவரின் பிணை கிடைத்தால் நல்லது.' அந்த வரி இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது.

காலை 10.20. புறப்பட்டோம். ஈரச் சாலையில் முன் பிரேக்கை மட்டும் பிடிக்கக் கூடாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் அல்ல. லாரி பின்னால் வந்தால் ஓரம் ஒதுங்கி விட்டுவிட வேண்டும். முப்பதுக்கு மேல் நான் போகவில்லை. சைக்கிளில் போன ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். பின்னால் கணேசன் ஒவ்வொரு தோட்டத்தின் பெயரையும், அங்கே தனக்கு யார் உறவு என்பதையும் சொல்லிக்கொண்டே வந்தார்.

மதியம் 12.30. அவருடைய வீடு. ஒரே கூரையின் கீழ் பத்துக் குடும்பங்கள் வரிசையாக இருக்கிற லயத்தில் நான்காவது. மனைவி வசந்தா சோறும் பலாக்கொட்டைக் குழம்பும் கருவாடும் போட்டார். மகள் புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாள்.

சாப்பிட்டதும் எஹலியகொட போகலாம் என்றேன். அங்கே மாணிக்கக் குழி தோண்டுவதைப் பார்க்க எனக்கு ஆசை. கணேசன் தலையைச் சொறிந்தார்.

"அவிசாவளைக்கு அங்கிட்டு வேணாம்ங்க சார். இந்தப் பக்கம்னா எல்லாம் தெரிஞ்ச ஆளுக. அங்கிட்டு புதுசா செக்கிங் போட்டிருக்காங்கன்னு சொல்றாங்க. கையில ஐடென்டி இல்ல."

"நாளைக்குப் போங்களேன், கார்ட வாங்கிக்கிட்டு" என்றார் வசந்தா.

நாளைக்கு நான் கேகாலைப் பக்கம் போவதாகத் திட்டம். திட்டம் நோட்டில் இருந்தது. "என்னிடம் பாஸ்போர்ட் இருக்கிறதே, நான் கூட இருக்கும்போது உங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டேன். விருந்தாளி கேட்டால் மறுத்துப் பேசத் தெரியாத மனிதர் அவர். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார்.

பிற்பகல் 2.25. அவிசாவளையைத் தாண்டிக் கொஞ்ச தூரம். சாலைக்குக் குறுக்கே இரண்டு பீப்பாய்களும் ஒரு மூங்கிலும். போலீஸ்காரர் மூவர், ராணுவத்தினர் இருவர். என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் ஒருவர் முகம் மலர்ந்து கிரிக்கெட் பற்றி ஏதோ சொன்னார். அதைத் திருப்பி என் கையில் கொடுத்துவிட்டுக் கணேசனைப் பார்த்துக் கை நீட்டினார்.

கணேசன் சிங்களத்தில் விளக்கினார். அழகாக, சரளமாகப் பேசினார். அதுவே வினையாகப் போயிற்று. இவ்வளவு நன்றாகச் சிங்களம் பேசுகிற தமிழன் எங்கே படித்தான், எதற்குப் படித்தான், அட்டை இல்லாமல் தமிழ்நாட்டுக்காரனோடு எங்கே போகிறான்? கேள்விகள் அப்போது எனக்குப் புரியவில்லை; மறுநாள் சுனில் நிலையத்தில் கேட்டுச் சொன்னவை அவை. கணேசனின் குரல் சிறுத்துக்கொண்டே போவது மட்டும் புரிந்தது. அவரைக் கீழே உட்காரச் சொன்னார்கள். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்தார்.

நான் பாஸ்போர்ட்டைத் தூக்கிக் காட்டிக் காட்டி ஆங்கிலத்தில் பேசினேன். இவர் என் நண்பர், நான் பொறுப்பு என்றேன். ஆங்கிலம் தெரிந்த அதிகாரி மரியாதையாகவே பதில் சொன்னார்.

"உங்கள் மேல் எந்தப் பிரச்சினையும் இல்லை சார். நீங்கள் போகலாம். இவருடைய அட்டையைக் கொண்டுவந்து போலீஸ் நிலையத்தில் காட்டுங்கள், பார்க்கலாம்."

ஜீப்பில் ஏறும்போது கணேசன் என்னைப் பார்த்துச் சொன்னார். "வசந்தாகிட்ட இப்ப சொல்லிறாதீங்க சார். பயந்துருவா. கார்டு வந்தா விட்டுருவாங்க."

மாலை 5.40. நாற்பது கிலோமீட்டர், மழை, தனியாக. பின் இருக்கையில் பாரம் இல்லாத ஸ்கூட்டர் வளைவுகளில் துள்ளியது. கித்துல்கலவில் சுனில் இல்லை. விருந்தினர்களை ஹட்டனில் விடப் போயிருந்தார்; அலமாரிச் சாவி அவரிடம். எட்டு மணிக்கு வந்தார். நடந்ததைக் கேட்டதும் சாப்பிடக்கூட உட்காராமல் அட்டையை எடுத்து வந்தார்.

"இப்பவே போவோம் மஹத்தயா. நான் முன்னால பைக்ல வாரேன். நான் பேசுறன் அவங்களோட" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். மஹத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா.

வெளியே இருட்டு, மழை. என் நோட்டில் ஏழாவது விதி: பழகாத மலைச் சாலையில் இரவில் ஓட்டாதே. நல்ல விதி. எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். சுனிலின் பின்னால் உட்கார்ந்து போயிருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவேயில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. காலையில் வெளிச்சத்தில் போகலாம், ஓர் இரவில் என்ன ஆகிவிடும் என்றேன். சுனில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்த வீட்டுச் சாப்பாடும் கட்டிலும் கிடைத்தன. தூங்கவும் தூங்கினேன்.

சனி, காலை 7.50. சுனிலும் நானும் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அதே அதிகாரி. அட்டையை வாங்கிப் பார்த்தார். நல்ல அட்டைதான் என்று திருப்பிக் கொடுத்தார். ஆனால் ஆள் இல்லை. அன்று காலை ஆறு மணிக்குத்தான் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள், மேலிடத்து விசாரணை, எந்த இடம் என்று தனக்குத் தெரியாது. சுனில் சிங்களத்தில் கெஞ்சினார், அப்புறம் கோபப்பட்டார், வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

அதிகாரி என்னை மட்டும் உட்காரச் சொன்னார். "நீங்கள் எழுத்தில் வாக்குமூலம் கொடுத்தால் அவருக்கு உதவியாக இருக்கும். அட்டையை எதற்காக வைத்தார் என்று உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் விசாரணை முடியும்வரை உங்கள் பாஸ்போர்ட் எங்களிடம் இருக்கும். இரண்டு வாரம் ஆகலாம். கூடவும் ஆகலாம்."

அவர் மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னார். எனக்குத் திங்கட்கிழமை காலை விமானம். என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்ப் பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்தது. யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்தேன். நான் திரும்பிப் போகவில்லை. இதை எழுதுகிற எனக்கே இந்த வரியைப் படிக்க வெறுப்பாக இருக்கிறது.

முற்பகல் 11.00. ஸ்கூட்டரைச் சுனிலிடமே விட்டுவிட்டேன். முதலாளியைக் கூட்டிக்கொண்டு லயத்துக்கு ஏறினேன். வசந்தாவுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. சந்திக்குச் சந்தி பேச்சாகியிருந்தது; கடையில் முதலாளியிடம் நான் சொன்னதெல்லாம் எனக்கு முன்னால் லயத்துக்கு ஏறியிருந்தது. அட்டையை அவர் கையில் கொடுத்தேன். முந்தானையால் துடைத்து, படத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"நீங்க எழுதிக் குடுத்தா உதவியா இருக்கும்னு அங்க சொன்னாங்களாமே சார்?"

முதலாளி எனக்காகப் பேசினார். "அவரு வெளிநாட்டு ஆளும்மா. மாட்டிக்கிட்டா அவரையும் உள்ள போட்டுருவாங்க. நாம தொழிற்சங்கத்துல சொல்லி ஆளப் புடிப்போம்."

இந்தியத் தூதரகத்தில் சொல்கிறேன், கடிதம் எழுதுகிறேன், கண்டிப்பாக ஏதாவது செய்கிறேன் என்று நானும் அடுக்கிக்கொண்டு போனேன். வசந்தா குரலை உயர்த்தவில்லை.

"அவரு கார்ட வச்சாரு. நீங்க எத வச்சீங்க சார்?"

லயத்துப் பெண்கள் வாசல்களில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி என் தோளைத் தொட்டார், இறங்கினோம்.

திங்கள், காலை 6.30. விமான நிலையத்தில் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. முத்திரை குத்தினார்கள். நான் பத்திரமாக வந்து சேர்ந்தேன்.

வந்ததும் தூதரகத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். ஒன்றுக்குப் பதில் வந்தது: அவர் இந்தியக் குடிமகன் அல்லர். வாக்குமூலத்தை ஊரிலிருந்தே எழுதி, பாஸ்போர்ட் எண் போட்டு, பதிவுத் தபாலில் நிலையத்துக்கு அனுப்பினேன். அதற்கு ஒன்றும் வரவில்லை. மாதம் ஒருமுறை முதலாளிக்குப் போன் செய்தேன். முதலில் அவரே விவரமாகச் சொல்வார்: இந்த முகாமில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், அந்தச் சிறையில் பட்டியலில் பெயர் இல்லை. பிறகு பேச்சு சுருங்கியது. 2009இல் சண்டை முடிந்துவிட்டது என்று செய்தியில் சொன்ன வாரம் ஆசையோடு கூப்பிட்டேன்.

"இல்லைங்க சார்" என்றார். "வசந்தாதான் கணேசனோட மரத்தையும் சேத்து வெட்டுது. மாசத்துல ஒரு நாள் அந்தக் கார்டத் தூக்கிக்கிட்டுக் கொழும்புக்குப் போயிட்டு வருது. நீங்க இனி கூப்புடாதீங்க சார். நீங்க கேக்குறீங்கன்னு நான் போயிச் சொல்றப்பெல்லாம், ஏதோ சேதி வந்திருச்சுன்னு நெனச்சு ஓடி வருது."

அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை.

போன மாதம் திண்டுக்கல் பேருந்து நிலையத்தருகே ஒரு போக்குவரத்துக் காவலர் என் ஸ்கூட்டரை நிறுத்தினார். லைசென்ஸ் கேட்டார். சட்டை மாற்றியதில் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். இத்தனை ஆண்டுகளில் அதுதான் முதல் தடவை. "வீடு பக்கம்தானே சார், போய் எடுத்துட்டு வந்து காட்டிட்டுப் போங்க" என்றார். இரண்டு கிலோமீட்டர். போய் எடுத்துக்கொண்டு வந்தேன். காவலர் அங்கே இல்லை; டீ குடிக்கப் போயிருந்தார். கையில் லைசென்ஸை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றேன். இருபது நிமிடம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

"இன்னுமா சார் நிக்கிறீங்க? நான் மறந்தே போயிட்டேன். வீட்டுக்குப் போங்க சார்."